குழந்தையின் இதயத்தில் ஓட்டை என்றால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

கடலூரில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கும் தெருவில் ஒரு குழந்தைக்கு "ஓட்டை இருக்காம்" என்று சொல்லிவிட்டால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது வரிசையில். எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன், எடுக்குமுன் சென்னைக்கு வண்டி பிடிப்பார்கள். அறுவைக்குத் தேதி கிடைத்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவார்கள். எல்லாவற்றையும்விட மோசம், எடை ஏறட்டும் என்று ஒரு வருடம் சும்மா இருப்பது.

அதனால் வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இதில் சொல்லப்போவதில்லை. அது உங்கள் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர் போடும் கணக்கு.

1. ஒரு நோட்டு, ஒரு பைல்

முதலில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பிறந்த எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, ரத்த வகை. அடுத்த பக்கத்திலிருந்து தேதி போட்டு எடை, மூச்சு எண்ணிக்கை, பால் குடிக்க ஆன நேரம், கொடுத்த மருந்து.

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். "கொஞ்ச நாளாவே சரியா குடிக்கல சார்" என்பதை வைத்து யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது. "மூணு வாரத்துல 150 கிராம்தான் ஏறியிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், எழுதிக்கொண்டிருக்கும் பேனா நின்றுவிடும்.

பைலில் டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார், எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ். ஈசிஜி தாளைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். லேமினேஷன் மெஷினுக்குள் போனால் கறுத்துப்போய் வெளியே வரும். கிடைத்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள், ஒரு ஜெராக்ஸும் போடுங்கள்.

2. பிறந்த ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன்

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் கோளாறு இருக்கும். அதில் உயிருக்கு உடனே ஆபத்தானவை கொஞ்சம்தான். அவற்றைப் பிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு குழந்தையின் வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கை, கால் இரண்டிலும் 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்குள் இருந்தால் சரி. எதிலாவது 90-க்குக் கீழே போனால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். நடுவில் தொங்கினால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். வலது கை ஏன் என்றால், அதற்குப் போகும் ரத்தம் இதயத்தை விட்டு வெளியே வந்ததும் முதலிலேயே பிரிந்துவிடுகிறது. கருவில் திறந்திருந்த குழாய் வழியாகக் கெட்ட ரத்தம் கலப்பது அதற்கு அப்புறம்தான். கையும் காலும் வேறு வேறு எண் காட்டினால் அந்தக் கலப்பு நடக்கிறது என்று பொருள்.

பெரியவர்களின் விரலில் மாட்டும் கிளிப்பை வீட்டில் குழந்தைக்கு மாட்டிப் பார்த்துவிட்டு நள்ளிரவில் ஓடி வந்தவர்கள் உண்டு. அது பிஞ்சு விரலில் சரியாக உட்காராது. சில்லிட்ட பாதத்தில் எந்தக் கருவியும் பொய் சொல்லும். ஒட்டுகிற குழந்தை சென்சார், வெதுவெதுப்பான பாதம், அழாத குழந்தை மூன்றும் வேண்டும்.

தொடையிடுக்கில் நாடி பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பெருந்தமனி ஓர் இடத்தில் இறுகியிருந்தால் கையில் துடிக்கும் நாடி தொடையில் தேய்ந்திருக்கும். இது எல்லா நேரமும் ஆக்சிஜன் சோதனையில் சிக்காது.

முதல் இரண்டு வாரத்துக்கு ஓர் எச்சரிக்கை. மூன்றாம் நாள் வரை நன்றாகக் குடித்த குழந்தை திடீரென்று வெளிறி, கைகால் சில்லிட்டு, பால் மறுத்து, முனகினால் கிருமித் தொற்றாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். சில கோளாறுகளில் அந்தக் கருவறைக் குழாய் திறந்திருக்கும் வரைதான் உயிர் ஓடும். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும்போது எல்லாம் சரியும். புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி அதைத் திரும்பத் திறக்க முடியும். அதற்கு நேரம் முக்கியம். 108-ஐக் கூப்பிடுங்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போங்கள், வழியில் குழந்தையை உங்கள் நெஞ்சோடு ஒட்டி வெதுவெதுப்பாக வையுங்கள்.

3. வீட்டில் எண்ணிப் பார்க்க வேண்டியவை

"பிறந்தப்போ டாக்டர் பார்த்தார், ஒண்ணும் இல்லைன்னார்" என்பார்கள். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். பிறந்த புதிதில் நுரையீரலில் அழுத்தம் அதிகம், அதனால் இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் பாயாது, சத்தமும் கேட்காது. நாலு முதல் ஆறு வாரத்தில் அந்த அழுத்தம் இறங்கும்போதுதான் ரத்தம் நுரையீரலுக்குள் வெள்ளமாகப் பாயும். எனவே கவனித்துப் பார்க்க வேண்டிய காலம் ஒன்றாம் மாதத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை.

மூச்சு: குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழு 60 நொடி எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். கைக்குழந்தை விட்டு விட்டு மூச்சு விடும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் வேகம். ஒருமுறை வந்தால் அரை மணி கழித்து மறுபடி எண்ணுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், கிளம்புங்கள்.

பால்: இதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையான அடையாளம். பசியோடு வேகமாகப் பிடிக்கும், பத்து மடக்கு குடிக்கும், விட்டுவிட்டு இளைக்கும், திரும்பப் பிடிக்கும், அப்படியே அசந்து தூங்கிவிடும். அரை மணியில் பசித்து அழும். இதைப் பார்த்துவிட்டு வீட்டில் "உனக்குப் பால் போதல" என்று தாயைக் குற்றம் சொல்லி பவுடர் டப்பா வாங்கி வருவார்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டிருக்கும், குடிக்கத்தான் குழந்தைக்குத் தெம்பு இருக்காது. ஒருமுறை பால் கொடுக்க 30 நிமிடத்துக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள்.

வேர்வை: சித்திரை, வைகாசியில் நம் ஊரில் எந்தக் குழந்தைக்குத்தான் வேர்க்காது? ஆகவே விடிகாலைப் பாலின்போது பாருங்கள். மின்விசிறி ஓட, உடம்பு குளிர்ந்திருக்க, நெற்றியில் மட்டும் முத்து முத்தாகப் பூத்தால் நோட்டில் எழுதுங்கள்.

எடை: முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை, துணியில்லாமல், ஒரே தராசில். அங்கன்வாடியில் ஒரு வாரம், மருந்துக் கடையில் மறு வாரம் என்று மாற்றினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

நிறம்: நம் தோல் நிறத்தில் உதட்டையோ நகத்தையோ பார்த்து நீலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாசலில் பகல் வெளிச்சத்தில் நாக்கையும் ஈறையும் பாருங்கள். பச்சைக் குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் குளிரில் நீலம் பாரிப்பது சாதாரணம், நாக்கு நீலமானால் சாதாரணம் இல்லை.

எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் எக்கோ பார்த்தே ஆக வேண்டிய குழந்தைகள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் கோளாறு இருக்கும், அவர்களுக்கு முதல் மாதத்திலேயே எடுக்க வேண்டும். தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தாலும், அண்ணனுக்கோ அக்காவுக்கோ கோளாறு இருந்திருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது.

4. வாரங்கள் வீணாகும் இடம்

பெரிய ஓட்டை உள்ள குழந்தையின் நுரையீரல் ஈரத்தில் நனைந்த பஞ்சு மாதிரி. இருமல் வரும், இழுக்கும், திரும்பத் திரும்ப நிமோனியா வரும். ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்து சளி மருந்து கொடுத்து அனுப்புவார்கள். பாட்டி தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவார். உடம்பு தேறவில்லை என்றதும் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஆறு மாதம் காசநோய் மாத்திரை ஓடும்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். ஐந்து மாதம், மூன்றே முக்கால் கிலோ. கையில் வேறு ஒரு ஆஸ்பத்திரியின் சீட்டுகள் ஒரு கட்டு. நாலு முறை நிமோனியா என்று எழுதியிருந்தது, எக்கோ என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. பாட்டி என்னிடம், "சவலை விழுந்த பிள்ளைம்மா, தேறிடும்ல?" என்றார். சட்டையைத் தூக்கினேன். இடது மார்பு வலதைவிடக் கொஞ்சம் மேடிட்டு, துடிப்பு வெளியிலேயே தெரிந்தது.

ஆகவே ஒரே விதி: ஒரு வயதுக்குள் இரண்டாம் முறை நிமோனியா வந்தால், அல்லது நிமோனியாவோடு எடையும் ஏறாமல் இருந்தால், எக்கோ வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறவியில் வராமல் அப்புறம் வருவதும் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், சீழில்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி மாதிரி சிவந்த நாக்கு, உடம்பில் தடிப்பு, வீங்கிய கைகால் என்றால் கவாசாகி நோயா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினால் இதயத் தமனிகள் வீங்குவது வெகுவாகக் குறையும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வந்து, இரண்டு மூன்று வாரத்தில் முட்டி, கணுக்கால் என்று வலி மாறி மாறி வந்தால் ருமாட்டிக் காய்ச்சல். அதற்கு 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். நன்றாக இருக்கிறதே என்று ஊசியை நிறுத்துவதுதான் வால்வைக் கெடுக்கிறது.

5. எக்கோ

பெரியவர்களுக்கு எக்கோ எடுக்கும் சென்டருக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். குழந்தை இதயத்துக்குச் சின்ன புரோப் வேண்டும், பார்க்கும் கண்ணும் வேறு. குழந்தைகள் இதய மருத்துவர், அல்லது அதில் பழக்கப்பட்டவர் எடுப்பதாக இருக்கட்டும். தப்பான எக்கோ, எக்கோ எடுக்காததைவிடக் கெடுதல், ஏனென்றால் அதை நம்பி ஒரு வருடம் ஓட்டிவிடுவீர்கள்.

எளிய வழி இது. அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சிறார் நல மருத்துவக் குழு, 18 வயது வரை பிறவி இதயக் கோளாறையும் ருமாட்டிக் இதய நோயையும் கண்டுபிடித்து அனுப்பும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டோடு போனால் பின்னால் அறுவை வரைக்கும் ஒரு கை உங்களைப் பிடித்துக்கொண்டு போகும். நேராகப் போவதென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சீட்டு போடுவது காலையில், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முதல் பஸ்களில் ஏறிவிடுங்கள்.

குழந்தை அசையாமல் படுக்க வேண்டும். பிஞ்சு என்றால் பால் குடித்ததும் தூங்கும்போது எடுத்துவிடலாம். கொஞ்சம் பெரிய குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள், அப்போது எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முன்னமே கேளுங்கள். பஸ்ஸில் தூங்க வைத்துவிடாதீர்கள். அங்கே போனதும் துள்ளி எழுந்து உட்காரும், அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று நீங்கள் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

6. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது

மிமீ எண்ணை வைத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது முதல் தப்பு. மேலறைச் சுவரில் 5 மிமீ ஓட்டை என்றால் பல குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாது. அதே 5 மிமீ, மூன்று கிலோ குழந்தையின் கீழறைச் சுவரில் இருந்தால் பெரிய விஷயம். பிறந்த வாரத்தில் எடுத்த எக்கோவில் மேலறை நடுவே 2, 3 மிமீ திறப்பு என்று எழுதியிருந்தால் அழ வேண்டாம். கருவில் எல்லோருக்கும் இருந்த வழிதான் அது, பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

மருத்துவரிடம் நாலு கேள்வி கேட்டு பதிலை நோட்டில் எழுதுங்கள். ஓட்டை எந்தச் சுவரில்? நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறதா? தானாக மூடும் வகையா? மூடாது என்றால் எந்த மாதத்தைத் தாண்டக் கூடாது?

கடைசிக் கேள்வி மற்ற மூன்றையும்விடப் பெரியது. பொதுவாக நடைமுறை இப்படி இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் அறுவை. கீழறையில் பெரிய ஓட்டை என்றால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இதயத்தின் நடுவில் வரும் ஓட்டைக்கும் அப்படியே. ஃபாலோட் நாற்கோளாறு என்ற நீலக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள், மயக்கம் வந்தால் அதற்கு முன்பே. மேலறை ஓட்டைக்கு அவசரமில்லை, இரண்டிலிருந்து நாலு வயது. பிறந்த பிறகும் மூடாத அந்தக் கருவறைக் குழாயையும் சில ஓட்டைகளையும் நெஞ்சைத் திறக்காமல் தொடை நரம்பு வழியாகக் கருவி வைத்து மூடிவிடுவார்கள். கீழறையின் தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடும், பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நன்றாகப் படியுங்கள். பெரிய ஓட்டையோடு எட்டு மாதம், ஒரு வருடம் ஓட்டிய குழந்தை திடீரென்று 'தேறும்'. சளி குறையும், மூச்சு நிதானமாகும், கொஞ்சம் எடைகூட வரும், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமும் குறையும். ஓட்டை மூடிவிட்டது என்று வீட்டில் பொங்கல் வைப்பார்கள். நடப்பது வேறு. இடைவிடாத வெள்ளத்தைத் தாங்க முடியாமல் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகுகின்றன, அதனால் அங்கே பாயும் ரத்தம் குறைகிறது. இன்னும் விட்டால் ரத்தம் எதிர்த்திசையில் ஓடிக் குழந்தை நீலமாகும். அதற்கு அப்புறம் ஓட்டையை அடைக்க முடியாது, அடைத்தால் ஆபத்து. நன்றாக இருக்கிறது என்று ரிவ்யூவைத் தள்ளிப்போட்டவர்களைத்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன்.

7. காப்பீடு: அறுவை என்ற சொல் காதில் விழுந்த அன்றே

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2022-இல் வருமான வரம்பை ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுதான் இழுக்கும், அதை இ-சேவை மையத்தில் முதலில் போட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். பாகூர், கன்னியக்கோயில் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண் தலைப்பிரசவத்துக்குக் கடலூர் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். குழந்தை பிறந்தது தமிழ்நாடு, அட்டை இருப்பது புதுச்சேரி. பிறந்த இடத்தைப் பார்த்து எந்தத் திட்டமும் வராது, ரேஷன் அட்டையைப் பார்த்துத்தான் வரும். புதுச்சேரி அட்டை என்றால் ஆயுஷ்மான் பாரத் வழியாகப் போக வேண்டும். திருமணமாகியும் பெண்ணின் பெயரைத் தாய் வீட்டு அட்டையிலிருந்து எடுக்காமல் இருப்பார்கள், குழந்தை பெயர் எந்த அட்டையிலும் ஏறியிருக்காது. இதைச் சரிசெய்வதற்குள் இரண்டு மாதம் ஓடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் தேதி கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல், எக்கோ ரிப்போர்ட் வந்த வாரமே ஒருவர் குழந்தையோடும் ஒருவர் காகிதத்தோடும் ஓடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், உங்கள் அட்டைக்கு இந்த அறுவை அங்கே உண்டா என்று காப்பீட்டு மேசையில் சேருமுன் கேளுங்கள்.

8. வீட்டில் மருந்து

அறுவை வரை பெரும்பாலும் லாசிக்ஸ், ஆல்டாக்டோன், எனலாப்ரில் வகை மருந்துகள் இருக்கும். உடம்பில் சேரும் நீரை இறக்கி இதயத்தின் பாரத்தைக் குறைப்பது இவற்றின் வேலை. ஓட்டையை இவை மூடாது.

குழந்தைக்கான சிரப் கிடைக்காதபோது மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அதில் இவ்வளவு மில்லி என்று சொல்வார்கள். பத்து மில்லியில் கரைத்து ஒரு மில்லி கொடு என்றால் மீதி ஒன்பதைக் கொட்டிவிட வேண்டும். "வீணாப் போகுதே" என்று முழுதும் ஊட்டிய பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் மில்லிகிராம் எழுதியிருப்பதை மில்லி என்று படிப்பதும் அடிக்கடி நடக்கும். மருந்துக் கடையில் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சு வாங்கி, எந்தக் கோடு வரை என்று செவிலியரைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். டீ ஸ்பூன் வேண்டாம்.

வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்காதீர்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். டைகாக்சின் என்ற இதய மருந்து இருந்தால் இது இன்னும் கட்டாயம். பேதியானாலோ இரண்டு வேளை பால் குடிக்காவிட்டாலோ, நீர் இறக்கும் மருந்தைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு இரண்டு வார மருந்து கையிருப்பில் வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் ஊரில் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

9. எடை

"ஆறு கிலோ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சை வீட்டில்தான் அதிகம் கேட்கிறேன். பெரிய ஓட்டை உள்ள குழந்தை, குடிப்பதையெல்லாம் மூச்சு விடவே செலவு செய்துவிடுகிறது. அதன் எடை ஏறாததற்குக் காரணமே ஓட்டைதான். ஓட்டையை அடைத்தால் எடை தானாக வரும். மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள், ஆனால் எந்தத் தேதி வரை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். அரை மணியில் நிறுத்திவிட்டு மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டுங்கள், மார்பில் இழுத்துக் குடிப்பதைவிட அதற்குக் குறைந்த தெம்பு போதும். மூக்கு வழியே குழாய் போடலாம் என்று சொன்னால் பயப்படாதீர்கள், அந்தக் குழாயால் ஏறும் நூறு நூறு கிராம் அறுவை மேசையில் கை கொடுக்கும். பாலில் தண்ணீர் கலக்காதீர்கள்.

தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். இதயக் குழந்தைக்கு நிமோனியாவும் தட்டம்மையும் மற்றவர்களைவிடக் கடுமையாக வரும்.

10. நீல மயக்கம்

ஃபாலோட் குழந்தைகள் காலையில் எழுந்ததும், அழும்போது, முக்கி மலம் கழிக்கும்போது திடீரென்று கருநீலமாகி, வேகவேகமாக மூச்சு வாங்கி, துவண்டுவிடலாம். அப்போது குழந்தையை உங்கள் தோளோடு சாய்த்து, இரண்டு முட்டியையும் அதன் நெஞ்சோடு மடக்கி அழுத்திப் பிடியுங்கள். காலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, இதயத்திலிருந்து நுரையீரலுக்கு அதிகம் திரும்பும். நீங்கள் கத்தினால் குழந்தை இன்னும் அழும், மயக்கம் கூடும். மெதுவாகப் பேசிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். சில நிமிடத்தில் தெளிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஒருமுறை வந்தால் அறுவைத் தேதி முன்னால் நகரும்.

ரத்தசோகை இருந்தால் இந்த மயக்கம் அடிக்கடி வரும். இவர்களுக்கு ஹீமோகுளோபின் எண் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனாலும் இரும்புச்சத்து குறைந்திருக்கும். மருத்துவர் இரும்பு சிரப் எழுதினால் "ரத்தம்தான் அதிகமா இருக்கே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

11. அறுவைக்கு முந்தைய வாரம்

சளி, காய்ச்சல் வந்தால் தேதி தள்ளிப்போகும். மயக்க மருந்தும் இதய-நுரையீரல் இயந்திரமும் சளி பிடித்த நுரையீரலோடு ஒத்துப்போகாது. ஆகவே அந்த வாரம் திருவிழா, கல்யாணம், உறவினர் கூட்டம் எதுவும் வேண்டாம். காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் போன் செய்யுங்கள். மறைத்துக் கூட்டிப்போய் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வண்டிக் கூலியும் இழந்தார்கள், தேதியும் இழந்தார்கள்.

ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று பேரை முன்னமே பேசி வையுங்கள். பல் சொத்தை இருந்தால் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தை ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். வழக்கமாகத் தாய்ப்பால் நாலு மணி நேரம், மற்ற பால் ஆறு மணி நேரம். அழுகிறதே என்று யாரோ ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய அறுவை அவ்வளவுதான். கூட வரும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், குறிப்பாகத் தாத்தாக்களுக்கு.

12. வீடு திரும்பிய பின்

நெஞ்செலும்பு சேர ஆறு வாரம் ஆகும். அதுவரை கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே, ஒரு கை பிட்டத்துக்குக் கீழே கொடுத்து அள்ளித் தூக்குங்கள். காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, நெஞ்சை நீவி, மூக்கை உருவிக் குளிப்பாட்டும் நம் ஊர்க் குளியல் ஆறு வாரத்துக்குக் கிடையாது. தழும்பில் எண்ணெய், மஞ்சள், திருநீறு எதுவும் படக் கூடாது.

முதல் ஒரு மாதத்தில் காய்ச்சல், பால் மறுப்பு, காரணமில்லாத சோர்வு, மூச்சு வேகம் வந்தால் இது சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், எக்கோ பார்த்தால்தான் தெரியும். தையலில் சிவப்போ கசிவோ இருந்தாலும் அன்றே போங்கள். அறுவையின்போது ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைச் சில மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள், மற்ற ஊசிகளைப் பற்றியும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டியிருப்பீர்கள். நெஞ்சு ஆறிய பிறகு, புது பிளேடில், தாராளமாகப் போடுங்கள். காது குத்துவதை மட்டும் தள்ளி வையுங்கள். ஓட்டையை மூட ஒட்டுத் துண்டோ கருவியோ வைத்த முதல் ஆறு மாதம் ரத்தத்தில் கிருமி போனால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதே காரணத்துக்காக, அந்த ஆறு மாதத்தில் பல் பிடுங்க நேர்ந்தால் முன்னால் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று பல் மருத்துவரிடம் பைலைக் காட்டுங்கள். இரவில் பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள்.

ரிவ்யூ தேதிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சில கோளாறுகளுக்கு வருடம் ஒருமுறை, வளர்ந்து பெரியவர்களான பிறகும் பார்க்க வேண்டும்.

அடுத்த குழந்தை பற்றித் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "கிரகணத்துல வெளிய போனியா" என்று மாமியார் கேட்டிருப்பார், அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு வருவது நூற்றில் இரண்டு மூன்று, சொந்தத்தில் கட்டியிருந்தால் கொஞ்சம் கூடும். கர்ப்பமானதும் மருத்துவரிடம் முதல் குழந்தையின் பைலைக் காட்டி, 18 முதல் 24 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு எக்கோ எழுதச் சொல்லுங்கள். கோளாறு தெரிந்தால் பிரசவத்தையே இதயப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம்.